கிடைக்காத பாகம்: தேடும் முன் அளக்க வேண்டியவை

பழைய ஜாவாவுக்கு கிராங்க் ஆயில் சீல் வேண்டும் என்று ஸ்பேர்ஸ் கடையில் கேட்டால், ‘அதெல்லாம் வர்றது இல்லைங்க’ என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதே சீலைத் துடைத்து, அதன் முகத்தில் அச்சாகியிருக்கும் மூன்று எண்களைப் படியுங்கள். அச்சு அழிந்திருந்தால் ஷாஃப்டின் விட்டம், சீல் உட்காரும் குழியின் விட்டம், சீலின் தடிமன் ஆகிய மூன்றையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த அளவைச் சொல்லி ஒரு பேரிங் கடையில் கேட்டால், அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுக்க வாய்ப்பு உண்டு. முதல் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவரிடம் நீங்கள் சொன்னது ஒரு வண்டியின் பெயர். மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டதோடு அந்தப் பெயரில் பெட்டி வருவது நின்றுவிட்டது. இரண்டாவது கடையில் சொன்ன அளவோ பம்புசெட்டிலும் டிராக்டரிலும் ஆலை இயந்திரங்களிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கலாம். பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிப்பவர்கள் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிவைக்கும் பட்டியலில் பெரும்பகுதி உண்மையில் இன்னும் அளக்கப்படாத பாகங்கள் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அளந்து, டிராயிங் போட்டு, தரம் பிரித்த பிறகும் மிஞ்சுவது மிகச் சிலதான். ஊர் ஊராக அலைவதற்கான நேரத்தையும் பணத்தையும் அந்தச் சிலவற்றுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும்.

இந்த வாதம் எல்லா ஊருக்கும் ஒரே அளவில் பொருந்தாது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு நன்றாகவே பொருந்தும். டிவிஎஸ் 50 மொபெட் 1980-இல் ஓசூரில்தான் பிறந்தது. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும் அதே ஆண்டில் தொடங்கியது. 1984-இல் இங்கிருந்து வெளிவந்த இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100, ஜப்பானியக் கூட்டில் இந்தியாவில் உருவான 100 சிசி வண்டிகளில் முன்னோடி. இந்த ஆலைகளுக்கு புஷ், பின், பிராக்கெட், வார்ப்பு என்று செய்துகொடுக்கத்தான் சிப்காட், சிட்கோ வளாகங்களைச் சுற்றி ஜாப் ஒர்க் பட்டறைகள் பெருகின. லேத், மில்லிங், வயர் கட், ஹீட் ட்ரீட்மென்ட், ஹார்டு குரோம், பவுடர் கோட்டிங் என ஒவ்வொன்றுக்கும் இங்கே ஆள் இருக்கிறது. டைட்டன் கடிகாரம் உருவாகும் ஊர் என்பதால் நூறில் ஒரு மில்லிமீட்டர் என்று சொன்னால் யாரும் விழிப்பதில்லை. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வழியாக 40 கிலோமீட்டர் போனால் பெங்களூரு; அங்கே ஜே.சி. ரோடு ஸ்பேர்ஸ் கடைகளும் சிவாஜிநகர் குஜிரியும் பீன்யா பட்டறைகளும் உண்டு. இத்தனையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கிக் ஷாஃப்ட் புஷ்ஷுக்காகச் சென்னை புதுப்பேட்டைக்கு நாலு முறை பஸ் ஏறுவது, கிணற்றடியில் இருந்துகொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது போன்றது.

தரம் பிரிப்பதை பேரிங்கிலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபம். பேரிங்கின் ஓரத்தில் உள்ள எண்ணே அதன் முழு முகவரி. 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். 6205 என்றால் 25, 52, 15. கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். எந்த நாட்டு வண்டியானாலும் இந்தக் கணக்கு மாறாது. கிராங்க் பேரிங் வாங்கும்போது மட்டும் எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூட்டில் விரியும்போது குண்டுகளுக்குக் கூடுதல் இடைவெளி தேவை. சாதாரண பேரிங் போட்டால் குளிரில் நன்றாகச் சுற்றி, சூடேறியதும் இறுக ஆரம்பிக்கும். பாயிண்ட், கண்டன்சர், கேபிள், கேஸ்கட், பிரேக் லைனிங் எல்லாம் இதே வகைதான். லைனிங்கைப் பழைய ஷூ மீதே புதிதாக ஒட்டித் தரும் கடைகள் உண்டு. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால், டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாதீர்கள்; ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

அடுத்த தரம், செய்துகொள்ளக்கூடிய பாகங்கள். புஷ், ஸ்பேசர், ஆக்சில், ஸ்டாண்டு பின், கிக் ஷாஃப்ட் ஸ்லீவ், ஸ்ப்ராக்கெட் போன்றவை இதில் வரும். இங்கே பலரும் தடுக்கி விழும் ஒரு பள்ளம் உண்டு. தேய்ந்த பாகத்தைப் பட்டறையில் கொடுத்து ‘இதே மாதிரி ஒண்ணு’ என்று சொல்வதுதான் அது. லேத் ஓட்டுபவர் சொன்னதைச் சரியாகச் செய்துகொடுப்பார். கையில் கிடைப்பது தேய்ந்த பாகத்தின் அச்சு அசலான நகல். 0.3 மில்லிமீட்டர் தேய்ந்த புஷ்ஷுக்கு 0.3 மில்லிமீட்டர் தளர்ந்த புது புஷ் வரும். ஆகவே பாகத்தை அளக்கும்போது தேயாத இடத்தை அளக்க வேண்டும். ஷாஃப்டில் புஷ் ஓடாத ஓரப் பகுதி, சீல் மறைத்திருந்த பகுதி, நட்டுக்கு அடியில் இருந்த பகுதி ஆகியவை ஆலை கொடுத்த அளவை ஓரளவு காப்பாற்றி வைத்திருக்கும். அதோடு நிறுத்தாமல், அந்தப் பாகம் எதோடு இணைகிறதோ அதையும் அளக்க வேண்டும். ஷாஃப்டில் இவ்வளவு, குழியில் இவ்வளவு, நடுவில் இவ்வளவு இடைவெளி என்று எழுதும்போதுதான் அது டிராயிங் ஆகிறது. டிராயிங் என்றால் கம்ப்யூட்டர் வரைபடம் என்று மிரள வேண்டியதில்லை. கட்டம் போட்ட நோட்டில் இரண்டு பக்கத் தோற்றம், ஒவ்வொரு அளவுக்கும் கூடுதல் குறைவு எவ்வளவு தாங்கும் என்ற குறிப்பு, உலோகத்தின் பெயர், எந்த முகம் வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற அடையாளம், இவை போதும். இந்த எல்லைப் பகுதிக்கு இதில் தனியாக ஒரு லாபமும் உண்டு. ஒரே பட்டறையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுபவர்கள் வேலை பார்க்கிறார்கள். நீங்கள் ‘கொஞ்சம் டைட்டா’ என்று சொல்வதை நாலு பேர் நாலு விதமாகப் புரிந்துகொள்வார்கள், 0.02 என்று எழுதியிருந்தால் ஒரே விதமாகத்தான் படிப்பார்கள்.

மரையையும் இதே நோட்டில் குறித்துவிடுங்கள். ஜாவா செக் நாட்டு வடிவமைப்பு, ஏஎக்ஸ் 100 ஜப்பானிய வடிவமைப்பு. இரண்டிலும் மெட்ரிக் மரை. பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரை வகைகள் கலந்திருக்கும். பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்காமல், கிட்டத்தட்டப் பொருந்துகிற போல்ட்டை ஸ்பேனரால் நெருக்கி ஏற்றினால், அலுமினிய கேஸின் மரை சிதைந்து, இல்லாத வேலை ஒன்று முளைக்கும்.

வார்ப்புப் பாகம் வேறு கதை. உடைந்த கிளட்ச் கவரையே அச்சாக மணலில் பதித்து வார்க்கச் சொன்னால், வருவது சற்றுச் சிறியதாக இருக்கும். உருகிய அலுமினியம் ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 1.3 பங்கு சுருங்கும். 200 மில்லிமீட்டர் நீளக் கவரில் இது 2.6 மில்லிமீட்டர், ஒரு பக்கத் துளை பொருந்தினால் மறுபக்கத் துளை பொருந்தாது. எந்திரத்தில் கடைந்தெடுக்க வேண்டிய முகங்களில் உலோகமும் மிச்சம் இருக்காது. அதனால் வார்ப்புக்குச் சுருக்கம் கூட்டிய தனி அச்சு வேண்டும். அது செலவு பிடிக்கும் வேலை என்பதால், உடைந்த வார்ப்பை ஆர்கான் வெல்டிங்கில் சரிசெய்ய முடியுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பல வருடம் எண்ணெய் குடித்த அலுமினியத்தை நன்றாகச் சுத்தம் செய்து, முன்கூட்டியே சூடேற்றி வெல்டு வைத்தால்தான் பிடிக்கும். கிராங்க் கேஸ் என்றால் இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு இறுக்கிய நிலையில் வெல்டு செய்து, பிறகு பேரிங் குழிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் லேசாக வளைந்திருந்தால், கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் ஒதுக்கித் தள்ளும் பாலிஷ் போட்ட துண்டுக்கல் உதவும். அளவைக்கூடத்து மேசைக்கு அது ஈடாகாதுதான். ஆனாலும் எமரி தாளை விரித்து ஹெட்டை எட்டு வடிவில் தேய்த்து மட்டமாக்க அது போதும்.

பிஸ்டனை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘வேற வண்டி பிஸ்டன் போட்டுக்கலாம்’ என்ற யோசனை முதலில் வருவது இங்கேதான். யோசனை தவறில்லை. ஜாவா 250-இன் போர் 65, ஸ்ட்ரோக் 75 மில்லிமீட்டர். ஏஎக்ஸ் 100-இல் இரண்டுமே 50. யமஹா ஆர்எக்ஸ் 100-க்கும் இதே 50-க்கு 50 அளவுதான். விட்டம் ஒன்றாக இருப்பதை வைத்து மட்டும் பிஸ்டனை மாற்றிவிட முடியாது. கட்ஜன் பின்னின் விட்டம், பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம், ஸ்கர்ட்டின் நீளமும் வெட்டும் ஒத்துப்போக வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இன்னொரு சோதனையும் உண்டு: ரிங் சுழலாமல் நிறுத்தும் சிறு ஆணி, சிலிண்டரின் போர்ட் ஜன்னலுக்கு நேராக வரக்கூடாது. வந்தால் ரிங்கின் நுனி ஜன்னலில் மாட்டி உடைந்து, சிலிண்டரையும் கீறிவிட்டுப் போகும். ஓவர்சைஸ் 0.25, 0.50, 0.75, 1.00 என்று படிப்படியாக வரும். பிஸ்டன் கைக்கு வந்த பிறகே போர் அடிக்க வேண்டும், முன்பே அடிக்கக்கூடாது. கடைசி அளவும் தாண்டிவிட்டால் ஸ்லீவ் இறக்கி ஸ்டாண்டர்டு அளவுக்குத் திரும்பலாம். போர் அடித்த பின் போர்ட்டின் விளிம்புகளை மழுக்காமல் விட்டால் புது ரிங் சில நூறு கிலோமீட்டர்கூடத் தாங்காது. ஏஎக்ஸ் 100-காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இந்தியாவில் அந்த எஞ்சினின் வழி மேக்ஸ் 100 போன்ற டிவிஎஸ்-சுசுகி வண்டிகளில் தொடர்ந்தது. சீனாவில் ஜின்செங் நிறுவனம் ஏஎக்ஸ் 100 என்ற பெயரிலேயே வெகுகாலம் தயாரித்தது. இங்கே நின்றுபோன மாடல் உலகத்தில் நின்றுபோயிருக்க வேண்டும் என்பதில்லை.

இனி எதிர்வாதங்கள். ‘இன்னொரு பழைய வண்டி வாங்கிப் பிரித்து ஒன்றாக்கிவிடலாமே, எதற்கு இத்தனை அளவு?’ என்பது முதல் கேள்வி. சைடு பேனல், மீட்டர், டேங்க் மூடி போன்றவற்றுக்கு இந்த வழி பலிக்கும். எஞ்சின் உள்பாகங்களுக்குப் பெரும்பாலும் பலிக்காது. ஒரே வடிவமைப்பில் வந்த வண்டிகள் ஒரே இடத்தில்தான் தேயும். உங்கள் வண்டியில் கிக் ராட்செட் பல் போயிருந்தால், நாற்பது வருடம் மிதிபட்ட அடுத்த வண்டியில் அதே பல் முழுதாக இருக்கும் என்று நம்ப என்ன காரணம் இருக்கிறது? ஜாவாவில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே என்பதால் அந்த இடத்துக்கு உழைப்பு இரட்டிப்பு. கடைசியில் இரண்டு அரைகுறை வண்டிகள் மிஞ்சும். அவற்றில் ஒன்று ஒருபோதும் எழாது.

‘பட்டறையில் செய்து போட்டால் ஒரிஜினல் கெட்டுவிடும்’ என்பது இரண்டாவது. இதில் நியாயம் இருக்கிறது, அதனால் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியும் டேங்க், மட்கார்டு, ஹெட்லைட் கூடு, முத்திரை ஆகியவற்றில் நகல் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். அலைச்சலை அவற்றுக்காகச் சேமித்து வையுங்கள் என்று சொல்வதே அதற்காகத்தான். உள்ளே ஓடும் புஷ்ஷும் சீலும் ஆலையின் சொந்தக் கையால் செய்யப்பட்டவை என்ற எண்ணம் வேறு விஷயம். மைசூரில் ஜாவா 1960-களின் தொடக்கத்தில் செக் நாட்டுப் பாகங்களைப் பூட்டுவதில் தொடங்கி, படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களுக்கு மாறியது. 1973-இல் யெஸ்டி என்று பெயர் மாறியபோது அது நம் பக்கத்து ஊர் வண்டியாகவே ஆகிவிட்டிருந்தது. அப்போது பாகம் செய்ததும் பட்டறைகள்தான். கழற்றிய பழைய பாகத்தை எறியாமல் தேதி எழுதிக் கட்டி வைத்தால், நல்ல மாற்று கிடைக்கும் நாளில் திரும்பிப் போகலாம். வெல்டு வைத்த கேஸையும் தோண்டிய ஃபிரேமையும் அப்படித் திருப்ப முடியாது. எச்சரிக்கை அங்கேதான் வேண்டும்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் உள்ள இரு சக்கர வாகனத்தை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, வின்டேஜ் பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே அதை ரோட்டில் ஓட்டலாம். ஃபிரேம், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு இந்தத் தகுதி கிடைக்காது. 1984-இல் வந்த ஏஎக்ஸ் 100-க்கு 2034 வரை பொறுக்க வேண்டும். அதுவரை சாதாரண ஆர்சி புதுப்பிப்புதான். எண் பஞ்ச் செய்யப்பட்ட எஞ்சின் கேஸை மாற்றாமல் சரிசெய்யுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த எண் உள்ள இடத்தில் கிரைண்டரோ வெல்டோ மணல் வீச்சோ படவே கூடாது. கர்நாடகப் பதிவு வண்டியை வாங்குகிறவர்கள் பாகத்தை எண்ணுவதற்கு முன் காகிதத்தை எண்ணுங்கள்: அங்குள்ள ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று இல்லாமல் இங்கே பதிவு மாறாது. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலப் பதிவு எடுத்தாக வேண்டும்.

மூன்றாவது எதிர்வாதம் பட்டறையிலிருந்தே வரும்: ‘ஒரு பீஸுக்கெல்லாம் மெஷின் செட்டிங் மாத்த முடியாதுங்க.’ உண்மைதான். சிஎன்சி எந்திரத்தில் ஒன்று செய்தாலும் இருபது செய்தாலும் செட்டிங் நேரம் ஒன்றே. ஒற்றைப் பாகத்துக்கு அங்கே போவதே தவறு. கையால் ஓட்டும் பழைய லேத் உள்ள சிறு பட்டறையே அதற்கு இடம். அதே வண்டி வைத்திருக்கும் பத்துப் பேர் ஒரே டிராயிங்கோடு வந்தால் சிஎன்சிக்காரரும் கணக்குப் போட்டுப் பார்ப்பார். எந்த வேலைக்கு எந்தப் பட்டறை என்று தெரியாவிட்டால், ஹோஸ்டியா என்ற ஓசூர் சிறு, குறுந்தொழில் சங்கத்தில் விசாரிப்பது நல்ல தொடக்கம்.

கடைசி எதிர்வாதம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது: உயிருக்கு உலை வைக்கும் பாகத்தையும் லேத்தில் கடைந்து போடுவதா? கூடாது. கிராங்க் பின், கனெக்டிங் ராடு, கியர், பிரேக் லீவர் ஆகியவற்றில் அளவு பாதி வேலைதான். மீதி உலோகத்திலும் ஹீட் ட்ரீட்மென்ட்டிலும் இருக்கிறது. இஎன்8 கம்பியில் கடைந்த கிராங்க் பின் வெர்னியருக்குச் சரியாகவே இருக்கும். ஓட ஆரம்பித்ததும் குழி விழும். மேற்பரப்பு ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை கடினமாகவும், உள்ளே வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டிய பாகம் அது. இவற்றைப் பழைய ஸ்டாக்கிலோ நம்பகமான தயாரிப்பாளரிடமோதான் தேட வேண்டும். வேறு வழியே இல்லையென்றால், ஆலைகளுக்கே கியர் செய்து பழகிய இடத்தில், பழைய பாகத்தின் உலோகத்தை ஸ்பெக்ட்ரோ சோதனையில் பார்த்து, கடினத்தை அளந்து, அதே தரத்தில் செய்வித்துச் சான்றோடு வாங்க வேண்டும். ஆக்சில், ஸ்பிரிங் போன்ற வலுவான எஃகுப் பாகங்களைப் பளபளப்புக்காக குரோம் தொட்டியில் முக்காதீர்கள். முலாம் பூசும்போது எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன், பாரம் ஏறும் ஒரு நாளில் அதை முன்னறிவிப்பின்றி முறிக்கும். பூசியே ஆக வேண்டுமென்றால், உடனடியாக 190 டிகிரி அளவில் பல மணி நேரம் சுட்டெடுக்கும் வசதி உள்ள இடத்தில் கொடுங்கள்.

ரப்பர் பாகங்களுக்கு இன்றைய பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இ20 பெட்ரோலில் உள்ள எத்தனால் பழைய ரப்பரை ஊறவைக்கும், பெட்ரோல் காக்கின் கார்க்கைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் படும் இடங்களில் நாற்பது வருடப் பழைய ஸ்டாக் சீலைவிட, வைட்டான் ரப்பரில் வந்த புது சீல் எவ்வளவோ மேல். ஒரிஜினல் என்பதற்காகப் பழையதைப் போட வேண்டாம் என்று நான் தயங்காமல் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

ஆகவே வண்டியைப் பிரிக்கும் நாளிலேயே ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அளவு, உலோகம், செய்த பட்டறை, போட்ட தேதி எல்லாம் எழுதுங்கள். அதன் ஒரு நகலை ஆர்சி புக்கோடு வையுங்கள். என்றாவது வண்டியை விற்க நேர்ந்தால், சாவியோடு அந்த நோட்டையும் கொடுத்துவிடுங்கள்.